மட்டாஞ்சேரியில் நடுங்காமல் ரட்சிக்கப்படுவது எப்படி?

ரட்சிக்கப்பட்டாயிற்று. தேதி, பிரசங்கியார் பெயர் எல்லாம் வேதாகமத்தின் முதல் பக்கத்தில் எழுதியும் வைத்தாயிற்று. மிச்ச ஆயுளை எப்படி ஓட்டுவது? பிலிப்பியருக்குச் சிறையிலிருந்து எழுதிய பவுல், 2ஆம் அதிகாரத்தில், பயத்தோடும் நடுக்கத்தோடும் ரட்சிப்பை நிறைவேற்றச் சொல்கிறார். அடுத்த வசனத்திலேயே, உங்களுக்குள் அதை நடத்துகிறவர் தேவன்தான் என்கிறார். முதலாவதைப் படித்தால் பயம் வரும், இரண்டாவதைப் படித்தால் நன்றி வரும். இரண்டுமே உடம்புக்கு ஆகாது என்பவர்கள் கொச்சிக்கு ரயிலேறலாம்.

முதலில் மட்டாஞ்சேரி கூனன் குரிசுத் தேவாலயம். மயிலாப்பூரில் வந்திறங்கிய சிரியா நாட்டு ஆயர் அஹத்தல்லாவைப் போர்த்துகீசியர் பிடித்து வைத்தார்கள். கடலில் மூழ்கடித்தே விட்டார்கள் என்று பேச்சு பரவியது. கொதித்துப்போன தோமா கிறிஸ்தவர்கள், பேராயர் கார்சியாவுக்கும் இயேசு சபைப் பாதிரிமாருக்கும் இனி அடங்கமாட்டோம் என்று 1653 ஜனவரி 3 அன்று இங்கே சத்தியம் செய்தார்கள். சிலுவையைத் தொட எல்லாருக்கும் கை எட்டவில்லை. அதில் கயிறுகளைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். இழுத்த இழுப்பில் சிலுவையே வளைந்தது என்பது வழிவழியாக வரும் சொல். அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது, அதைக் கிண்டல் செய்யமாட்டேன். நமக்கு வேண்டியது கயிற்றின் கடைசி நுனி மட்டும். அங்கே நின்றால் பலமாக இழுக்கலாம், வளைவது எதுவென்று தெரியாது.

அடுத்தது பிரிவினை. ஒரே கயிற்றைப் பிடித்தவர்கள் சில ஆண்டுகளுக்குள் பழையகூறு, புத்தன்கூறு என்று இரண்டானார்கள். பிறகு கிளைக்குள் கிளை. உங்கள் சபை இன்னும் உடையவில்லையா? உடனே ஒரு கமிட்டி போடுங்கள். மைக் யார் கையில் என்பதே போதுமான காரணம். மினிட்ஸ் புத்தகத்தில் ‘வைராக்கியம்’ என்று எழுதிக்கொள்ளவும்.

1663இல் கொச்சியைப் பிடித்த டச்சுக்காரர்கள் சாந்தா குரூஸ் பேராலயத்தை இடிக்காமல் ஆயுதக் கிடங்காக்கினார்கள். சிக்கனமான யோசனை. மனப்பாடமான வசனங்களை நாமும் அப்படியே வைத்துக்கொள்ளலாம்: மருமகளுக்கு ஒன்று, பக்கத்து வீட்டுக்கு ஒன்று.

கடைசியாக ஃபோர்ட் கொச்சி புனித பிரான்சிஸ் ஆலயம். 1524இல் வாஸ்கோ ட காமாவைப் புதைத்த இடத்தை எல்லாரும் படமெடுப்பார்கள். எலும்புகள் எப்போதோ போர்ச்சுகலுக்குப் போய்விட்டன. நீங்கள் மேலே பாருங்கள். வரிசையாகத் துணிப் பங்காக்கள். அவற்றின் கயிறு சுவரைத் தாண்டி வெளியே போகும். அந்தக் காலத்தில் வெளியே ஒருவர் வியர்க்க வியர்க்க இழுப்பார், உள்ளே துரைமார்கள் குளுகுளுவென்று ஜெபிப்பார்கள். நன்றி இல்லாமல் வாழ இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. இழுத்தது யார் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அந்தக் கேள்வி கல்வாரி வரை கொண்டுபோய் விட்டுவிடும்.

ஆலயம் இப்போது தென்னிந்தியத் திருச்சபையிடம் இருக்கிறது, ஞாயிறுதோறும் ஆராதனை உண்டு. போய் உட்கார்ந்து, நடுக்கம் வந்துவிட்டால் இந்த வழிகாட்டி பொறுப்பல்ல.