கொலுப்படியில் மூன்று கட்டைகள்

கேள்வி: விளக்குத்தூண் பக்கம் மலிவாக விற்கும் பாட்டரிச் சரவிளக்கை நவராத்திரிக் கொலுவுக்கு வாங்கலாமா?
– ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்: மதுரைக் கோட்டையை இடித்து நகரை விரிவுபடுத்திய கலெக்டர் பிளாக்பர்னின் ஞாபகார்த்தமாக நாட்டிய தூணைச் சுற்றி விளக்கு வியாபாரம் நடப்பது பொருத்தமே; தாராளமாக வாங்குங்கள், அம்மணி. கடுகளவு விளக்குகள் கோத்த மெல்லிய செம்புக் கம்பிக்கு மூன்று பாட்டரிக் கட்டைகள் சேர்ந்து தருவது 4.5 வோல்ட்டே ஆதலால், பேரப்பிள்ளை கைவைத்தாலும் ஷாக் அடிக்குமென்ற பயமில்லை. ஒருவர் மூச்சை நிறுத்தினால் குடும்பமே துக்கம் அனுஷ்டிப்பதுபோல் அணைந்த பழைய சீரியல் செட்டின் சுபாவமும் இதற்குக் கிடையாது. மின்சாரம் போனாலும் மரப்பாச்சித் தம்பதியர் பிரகாசமாகவே வீற்றிருப்பர்.

ஆனால் சரம்தான் சல்லிசு. அதற்கிடும் தீனி அப்படியன்று. வெள்ளொளிக்குச் சுமார் 3 வோல்ட்டாவது வேண்டியிருப்பதால், கட்டைகளின் சக்தி க்ஷீணிக்க க்ஷீணிக்க, பிரதமையன்று ஜொலித்த சரம் சரஸ்வதி பூஜைக்குள் மங்கிப் போகும். மறுபடி சார்ஜ் செய்யும் கட்டைகள் ஒவ்வொன்றும் 1.2 வோல்ட்டே ஆகையால் ஒளி சற்றுக் குறையும். என் அபிப்பிராயத்தில் பணப்பைக்கு அந்த மங்கலே க்ஷேமம்.

விழா முடிந்தபின் கட்டைகளைக் கழற்றாமல் பரணில் ஏற்றினீர்களானால், அடுத்த புரட்டாசியில் மூடியைத் திறக்கும்போது, கசிந்த காரம் ஸ்பிரிங்கை அரித்துப் பச்சையாகப் பூத்திருக்கும். நியாயம் கேட்கக் கடைக்காரரைத் தேடிச் சென்றால், அவர் அதே இடத்தில் தீபாவளிக்குப் பனியன் விற்றுக்கொண்டிருப்பார்.