பார்வோன் காதில் பூ சுற்றிய பூவாள்

ஞாயிறு பள்ளியில் வீரம் என்றால் பைபிளின் தானியேல்தான். சிங்கக் கெபியில் தூக்கிப் போட்டார்கள். ஒரு கீறல்கூட இல்லாமல் எழுந்து வந்தார். நமக்கு அது ஒத்துவராது. ஹைதராபாத் நேரு உயிரியல் பூங்காவில், கம்பி போட்ட வண்டிக்குள் உட்கார்ந்து சிங்கம் பார்க்கப் போனபோதே, சன்னலோர சீட்டைப் பெருந்தன்மையோடு அடுத்தவருக்கு விட்டுக்கொடுத்த பரம்பரை நான்.

என் ஓட்டு சிப்பிராளுக்கும் பூவாளுக்கும். யாத்திராகமம் முதல் அதிகாரத்தில் வரும் மருத்துவச்சிகள். எகிப்தில் எபிரெயர்கள் பெருகுவதைப் பார்த்து, அந்நாட்டு ராஜா பார்வோனுக்கு வயிற்றைக் கலக்கியது. “பிரசவம் பார்க்கும்போதே ஆண் பிள்ளையைத் தீர்த்துவிடுங்கள்” என்று இருவருக்கும் உத்தரவு போட்டான். தலையாட்டிவிட்டு வந்தவர்கள், வழக்கம்போலத் தொப்புள்கொடி அறுத்து, குளிப்பாட்டி, தாயிடம் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

பார்வோன் மறுபடி கூப்பிட்டான். “என்ன செய்ய ராஜா, எபிரெயப் பொம்பளைங்க உங்க ஊர்ப் பொம்பளைங்க மாதிரி இல்லை. கட்டுடம்பு. நாங்க போய்ச் சேர்றதுக்குள்ள பெத்துப் போட்டுடறாங்க.”

பஞ்சகுட்டா சிக்னலில் மாட்டிக்கொண்டேன் என்று ஆபீசில் நாம் விடும் கதையைவிட நோஞ்சான் சாக்கு. ஆனாலும் எடுபட்டது. பிரசவ அறையை எட்டிப் பார்த்திராத ஆம்பளை, குறுக்கு விசாரணையா செய்வான்?

பொய் சொல்லலாமா என்று கேட்பவர்களுக்கு: பத்துக் கட்டளை வர இன்னும் பத்தொன்பது அதிகாரம் இருந்தது. கடவுளும் கண்டிக்கவில்லை, அவர்கள் குடும்பத்தை ஆசீர்வதித்தார். பார்வோனுக்குத்தான் சனி விடவில்லை. கொலைக்குத் தப்பி ஆற்றில் மிதந்த எபிரெயக் குழந்தை மோசேயை அவன் மகளே எடுத்தாள். பாலூட்ட அமர்த்தியது பிள்ளையின் சொந்தத் தாயை, அதுவும் சம்பளம் பேசி!

சிங்கம் வாய் மூடாத தானியேல்களும் உண்டு. இதே ஹைதராபாத்தில் ‘இம்ரோஸ்’ என்ற உருதுப் பத்திரிகையை நடத்திய சோயபுல்லா கான், நிஜாம் சமஸ்தானம் இந்தியாவோடு சேர வேண்டும் என்று எழுதினார். 1948 ஆகஸ்டில், நிஜாம் ஆதரவுப் படையான ரஜாக்கர்கள் அவரைக் கொன்றார்கள். எழுதிய கையையும் வெட்டினார்கள். அடுத்த மாதமே இந்தியப் படை உள்ளே வந்தது.

அந்தத் துணிச்சலைக் கும்பிடலாம். கடன் வாங்க முடியாது. நம்மைப் போன்ற தொடைநடுங்கிகளுக்குச் சிப்பிராள் வழிதான்: அக்கிரம உத்தரவு வந்தால் தலையை ஆட்டு, காரியத்தைச் செய்யாதே, கேட்டால் முகம் மாறாமல் அளந்துவிடு. அதற்கும் நெஞ்சுரம் வேண்டும். பிடிபட்டிருந்தால் இரண்டு தலையும் உருண்டிருக்கும்.

யாத்திராகமம் மருத்துவச்சிகளின் பெயரை எழுதிவைத்தது. பார்வோனின் பெயரைச் சொல்லவே இல்லை. அவன் ராம்சேஸா, வேறு எவனோவா என்று அறிஞர்கள் இன்னும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். இருக்கட்டும், ராஜாவின் பெயருக்கும் அவர்கள் கொஞ்சம் தாமதமாகவே பேறு பார்க்கட்டும்!