தூக்கிக் கட்டப்போறாராம் மருமகப்பிள்ளை

வாங்க மருமகப்பிள்ளை. முப்பது வருசம் ஓடித் தேஞ்ச எம்எம் 540 ஜீப்பை வாங்கிட்டு வந்த மறுநாளே அதைத் தூக்கிக் கட்டணும்னு நிக்கிறீகளாமே, எம் மக போன்ல சொன்னா. நல்ல காரியம். ஒரே ஒரு சந்தேகம்: இது கொழுக்குமலைக் கல்லுக்காகவா, தேனி பஸ் ஸ்டாண்டுல நின்னு பாக்கிற கூட்டத்துக்காகவா? கூட்டத்துக்குன்னா கூச்சப்படாமச் சொல்லிருங்க. நாலு செங்கல் வச்சு மேல ஏத்திப் போட்டோ எடுத்துக்கலாம், காசு மிச்சம்.

கல்லுக்குத்தான்னா, மொதல்ல அடியில குனிஞ்சு பாருங்க. ஸ்பிரிங் பட்டைக்கட்டு வளைவே இல்லாம நேராப் படுத்திருக்கும். நீங்க தாழ்வுன்னு நினைக்கிறது கம்பெனிக்காரன் குடுத்த உசரம் இல்ல, வயசான மனுசனுக்கு விழுந்த கூன். அதை நிமித்தினாலே ஒரு இஞ்சோ ஒன்றரை இஞ்சோ திரும்பி வரும். அதுக்கும் முன்னால, பின்னாடி கிடக்கிற செத்த பேட்டரி, இரும்புச் சங்கிலி, எதுக்குன்னே தெரியாத ரெண்டாவது ஸ்டெப்னி எல்லாத்தையும் இறக்கி வைங்க. சும்மா கிடைக்கிற உசரத்தை ஏன் விடணும்?

பட்டை வேலை பொறுமையான வேலை. கட்டைக் கழட்டி, ஒவ்வொண்ணாப் பிரிச்சு, துருவை ஒரசி, விரிசல் விட்டதை மாத்தி, வளைவு எடுத்து, ஊடால கிரீஸ் தடவிக் கோக்கணும். புஷ், சென்டர் போல்ட், யூ போல்ட் மூணும் புதுசாப் போடுங்க. பழைய யூ போல்ட் ஏற்கெனவே இழுபட்டு நீண்டது, மறுபடி முறுக்கினா பிடிப்பு நிக்காது. கொஞ்ச தூரம் ஓட்டிட்டு வந்து திரும்ப ஒரு முறுக்கு. வளைக்கிற ஆளு பிரெஸ்ஸுல வளைக்கிறாரா, உலையில காய்ச்சி அடிக்கிறாரான்னு கேட்டுக்கங்க. காய்ச்சினா மறுபடி எண்ணெயில முக்கிப் பதம் ஏத்தணும். ஏத்தலேன்னா போட்ட காசோட சேந்து பட்டையும் படுத்துக்கும்.

இனி யாரும் உங்களுக்குச் சொல்லாத விசயம். பட்டையை எம்புட்டுத் தூக்கினாலும் மேல போறது பாடியும் சேசிஸும்தான். ஆக்சில்ல தொங்குது பாருங்க கிரவுன், அது இருந்த இடத்துலயே இருக்கும். பாறை மொதல்ல முட்டுறது அதைத்தான். அதை உசத்த டயரு ஒண்ணுதான் வழி. 6.00-16ஐக் கழட்டிட்டு 7.00-16 போட்டா டயரு கிட்டத்தட்ட 2 இஞ்சு உசரும், கிரவுனுக்கு அதுல பாதி, 1 இஞ்சு. அந்த ஒரு இஞ்சுக்கும் வட்டி உண்டு: முள்ளு 50ல நிக்கும்போது நீங்க 53ல போவீங்க, ஏத்தத்துல அந்த 2.1 லிட்டர் பெஜோ டீசல் ஒரு கியர் கீழ கேட்கும். ஸ்டீரிங்கை முழுசா ஒடிச்சு எங்கயும் ஒரசுதான்னு பாத்துட்டு வாங்குங்க. மலிவுன்னு பழைய டயர் எடுத்தா பக்கவாட்டுல நாலு எண்ணு பொறிச்சிருக்கும், படிங்க. 2319ன்னா 2019ல 23வது வாரம் செஞ்சது. பூ மட்டும் புதுசா இருந்து ரப்பரு காஞ்சு கிடக்கிற டயரு ஈரப் பாறையில எறங்கும்போது உங்க சொல்லு கேட்காது.

மத்ததெல்லாம் சில்லறை. கூடுதல் பட்டை ஒண்ணு சொருகலாம், ஆனா வண்டி விறைச்சுக்கும்; எம் மக பக்கத்துல உக்காந்தா ரெண்டாவது குழியில உங்ககூடப் பேச்சை நிறுத்திருவா. ஷாக்கிளை 2 இஞ்சு நீட்டினா 1 இஞ்சு உசரம் கிடைக்கும். முன்னால நீட்டினா ஆக்சிலோட சாய்வு மாறி ஸ்டீரிங் அலையும், அப்புறம் ஆப்பு வச்சுச் சாய்வைச் சரி பண்ணணும். இரும்புக் கட்டை வைக்கிற யோசனையே வேணாம்: இந்த ஜீப்புல பட்டை ஆக்சிலுக்கு அடியில இருக்கு, ஊடால கட்டை வச்சா வண்டி இறங்கும், ஏறாது.

பட்டறைக்குப் போனா ஒரு ஆளு காதுல ஓதுவாரு: "பட்டையை ஆக்சில் ஹவுசிங்குக்கு மேல மாத்திருவோம் சார், அஞ்சு இஞ்சு போல வரும், வெல்டிங் கூலி மட்டும்தான்." பொய் இல்ல, வரும். கூலியும் அம்புட்டுத்தான். ஆனா புரொப்பல்லர் ஷாஃப்ட் ஜாயிண்டுல சாய்வு கூடி கிராஸ் அதிரும். பிரேக் ஹோஸ் எட்டாது. ஷாக் அப்சார்பர் பத்தாது. டிராக் லிங்க் சாஞ்சு குழியில விழுந்தா வண்டி தானாத் திரும்பும். ஆக்சிலரேட்டரை மிதிச்சா ஹவுசிங் முறுக்கிக்கிட்டு பட்டை நெளியும். ஜீப்பு அகலம் அப்படியே இருக்க உசரம் மட்டும் ஏறினா, சரிவுல குறுக்க ஓட்டும்போது கொண்டையூசி வளைவெல்லாம் தேவையே இல்ல, அதுவே படுத்துக்கும். சூரியநெல்லியில இருந்து கொழுக்குமலைக்கு ஏறுற ஜீப்புக்காரங்களைக் கேட்டுப் பாருங்க. லோ கியர்ல போட்டு, எந்தக் கல்லு மேல எந்தச் சக்கரம்னு பாத்து ஏத்துறாக. கிரவுனைக் கல்லுக்குப் பக்கவாட்டுல விடணும், சக்கரத்தைக் கல்லு மேல ஏத்தணும். இதுக்குக் கூலி கிடையாது, வெல்டரும் வேணாம்.

சட்டம்னு ஒண்ணு இருக்கு பாருங்க. 1988 மோட்டார் வாகனச் சட்டத்துல 52வது பிரிவு, கம்பெனி குடுத்த அளவுக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுங்குது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொல்லிருச்சு. அதே வருசம் திருத்தின சட்டத்துல ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரைக்கும் ஜெயிலு, இல்ல ரெண்டுமே. உங்க வண்டிக்கு 15 வருசம் எப்பவோ முடிஞ்சு போச்சு, அஞ்சு வருசத்துக்கு ஒருக்க ஆர்.சி. புதுப்பிக்க இன்ஸ்பெக்டரு முன்னால நிறுத்தியாகணும். பழைய பட்டையை நிமித்தினவனை அவர் என்ன கேட்கப் போறாரு? அஞ்சு இஞ்சு தூக்கினவரைத்தான் வண்டியை விட்டு இறங்கச் சொல்லுவாரு, அம்புட்டு உசரத்துல இருந்து இறங்கவே அரை நாளாகும்.

ஞாயித்துக்கிழமை பட்டையைக் கழட்டுவோம். பட்டறைக் கூலி நீங்க குடுத்துருங்க. யோசனைக்குக் காசு வேணாம், ஒரு நாட்டுக்கோழி போதும். வெடக்கோழியா இருக்கட்டும், உங்க ஜீப்பு வயசுக் கோழி வேணாம்.