சுத்திப் போறானாம், சுத்தி!

ஏம்ப்பா பேராண்டி, அந்த ஏரோப்பிளேன்காரன் மேல அப்படி என்ன கோவம் ஒனக்கு? பெங்களூர்ல ஏறி சான் பிரான்சிஸ்கோ போகயில, சீட்டுக்கு முன்னாடி இருக்கிற டிவியில வழியைப் பாத்தியாம். கிழக்கே பசிபிக் கடல் மேல விட்டு அடிக்காம, வடக்கே சைபீரியா பக்கம் வில்லா வளைஞ்சு ஏறிட்டானாம். "சுத்திக் காட்டி ஏமாத்துறான் தாத்தா"ங்கிற. ஏன்டா, காசை முன்னாடியே வாங்கிட்டான், மீட்டரா போட்டிருக்கான்? எண்ணெய் அவன் எண்ணெய். சுத்துனா நட்டம் ஒனக்கா, அவனுக்கா? இலுப்பூர் பஸ் ஸ்டாண்டுல டீ ஆத்துறவனுக்குக்கூட இந்தக் கணக்கு தெரியும். நீ இஞ்சினியர், ஒனக்கு எப்படித் தெரியும்!

போ, அப்பத்தாகிட்ட அந்தப் பரங்கிக்காயை வாங்கியா. நாளைக்கு அறுக்கணும்னு வச்சிருக்கா, திட்டுவா. திட்டை நீ வச்சுக்க, காயை என்கிட்ட குடு.

காம்பு மேல இருக்கா? அது வட துருவம். அதுல இருந்து வரி வரியா இறங்குதுல்ல, அதுக தீர்க்க ரேகை. இந்தப் பக்கம் இடுப்புக்குக் கொஞ்சம் மேல சுண்ணாம்புல ஒரு பொட்டு வையி, பெங்களூர். ஏறக்குறைய எதிர்ப்பக்கம், இன்னும் கொஞ்சம் ஒசரத்துல ஒண்ணு, சான் பிரான்சிஸ்கோ. இந்தா, பூக்கட்டுற நூல். மொதல்ல இடுப்பை ஒட்டியே ஒரு பொட்டுல இருந்து இன்னொரு பொட்டுக்குக் கொண்டு போ. இப்ப ரெண்டு முனையையும் இழு. நூல் தானா வழுக்கிக் காம்புப் பக்கம் ஏறுதா? மிச்ச நூல் கையில தொங்குதா? அந்த மிச்சம் நெசத்துல 2,000 கிலோமீட்டருக்கு மேல. நீ டிவியில பாத்த உலகப் படத்துல ஸ்கேல் வச்சுக் கோடு போட்டு, அந்தக் கோட்டு மேலயே போனா 16,100 கிலோமீட்டர் வரும். 'சுத்துறான்'ங்கிறியே, அந்த வழி ஏறக்குறைய 14,000தான். இழுத்துப் பிடிச்ச நூல் கிடக்கிற வழிக்குப் பெருவட்டப் பாதைன்னு பேரு.

அந்தப் படம் மெர்கேட்டர்னு ஒரு ஐரோப்பாக்காரர் 1569ல போட்ட தினுசு. கப்பக்காரன் காம்பஸ் முள்ளை ஒரே கோணத்துல வச்சுக்கிட்டு ஓட்டுறதுக்குத் தோதா, வடக்கே போகப் போக எல்லாத்தையும் இழுத்து அகலமாக்கிட்டார். அதுல கிரீன்லாந்து ஆப்பிரிக்கா தண்டி தெரியும். அளந்து பாத்தா ஆப்பிரிக்கா 14 மடங்கு பெருசு. கப்பலுக்குப் போட்ட படத்தைக் கக்கத்துல வச்சுக்கிட்டு ஏரோப்பிளேன்காரன் மேல பிராது குடுக்கிற ஆளை இப்பத்தான் பாக்குறேன்.

நம்ம பயலுக திருச்சியில ஏறிச் சிங்கப்பூர் போறானுகளே, அவனுகளுக்கு இந்தச் சந்தேகமே வராது. மொத்தமே 3,000 கிலோமீட்டர், அதுவும் நிலநடுக்கோட்டுக்குப் பக்கம். அங்கே ஸ்கேல் கோடும் நூலும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

டிவிப் படத்தை நம்பலையா, இதையாவது நம்பு. 2023 ஜூன் 6ஆம் தேதி, டெல்லியில இருந்து சான் பிரான்சிஸ்கோ போன ஏர் இந்தியா விமானம் இஞ்சின் கோளாறுல எறங்குன ஊரு மகதான். ரஷ்யாவோட கிழக்குக் கடக்கோடி. உள்ளே 216 பயணிக. மறு வருசம் ஜூலையில அதே தடத்துல போன இன்னொண்ணு கிராஸ்நோயார்ஸ்க்ல எறங்குச்சு, அதுவும் சைபீரியாதான். 'அமெரிக்கா போறவனுக்கு ரஷ்யாவுல என்ன சோலி'ன்னு நீ கேப்பே. அவசரத்துக்கு வழியில இருக்கிற ஊர்லதானப்பா எறங்க முடியும்?

அதுக்காக, நூல் போற வழியிலதான் எப்பவும் போவான்னு ஆபீசுல போயி அளந்து விட்டுராதே. மேல காத்துன்னு ஒரு முதலாளி இருக்கான். டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானம் மொதல்ல மேற்கே அட்லாண்டிக் வழியாத்தான் போச்சு. 2016 அக்டோபர்ல கிழக்கே பசிபிக் வழியாத் திருப்பி விட்டாங்க. தூரம் 1,400 கிலோமீட்டர் கூடி 15,300 ஆச்சு. நேரமோ கிட்டத்தட்ட ரெண்டு மணி கொறஞ்சிருச்சு! 10 கிலோமீட்டர் ஒசரத்துல மேற்கேயிருந்து கிழக்கே அடிக்கிற காத்து முதுகுல கை வச்சுத் தள்ளிருது. ஆடி மாசம் இங்கேயிருந்து விராலிமலைக்குச் சைக்கிள் மிதிச்சுப் போயிட்டுத் திரும்பி வந்தவன்கிட்ட கேளு, போன நேரம் எவ்வளவு, வந்த நேரம் எவ்வளவுன்னு. நீ எங்கே மிதிச்சே, ஒனக்குப் பன்னெண்டாவதுலயே பைக்கு.

இன்னொரு சேதி. சான் பிரான்சிஸ்கோவுல இருந்து பெங்களூருக்கு ஏர் இந்தியாவோட மொத நேரடி விமானம் 2021 ஜனவரியில வந்துச்சு. நூல் போற வழியையும் தாண்டி வடக்கே ஏறி, துருவத்து மேலேயே வந்தாங்க. ஓட்டுனது கேப்டன் சோயா அகர்வால். காக்பிட்டுல இருந்த நாலு பேருமே பொம்பளைங்க. ஒன் பொண்டாட்டி அன்னவாசலுக்கு ஸ்கூட்டி எடுத்தா 'பாத்து, பாத்து'ன்னு வாசல்ல நின்னு கத்துறியே, அதான் ஞாபகம் வந்துச்சு.

சரி, அடுத்த தடவை போகயில இடது பக்க ஜன்னல் சீட்டாப் பாத்துப் போடு. வடக்கு அந்தப் பக்கம்தான் வரும். மார்கழி, தையில போனேன்னா, நல்ல நேரம் இருந்தா வானத்துல பச்சைப் பச்சையாத் துருவ ஒளி தெரியும். போர்வையை இழுத்துப் போட்டுத் தூங்கிராம, ரெண்டு போட்டோ புடிச்சு எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்பு.