பாலைவனமும் வாளியும்: ஒரு நீரியல் ஆராய்ச்சி

1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டை வெளியிட்டார்கள். அது முதல் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டிக் கதை வளர்ப்பவர்கள் பாலைவனம் பாலைவனமாகப் போய்வந்துகொண்டிருக்கிறார்கள். டிராகனைப் பற்றி எழுதியாயிற்று. மம்மியைப் பற்றி எழுதியாயிற்று. வாளியைப் பற்றி மட்டும் அறிஞர் உலகம் வாய் திறக்கவில்லை. அந்தப் பெருங்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வு எல்லை, 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு விதிநூல். பாலைவனக் கதையின் தலைவிதி கதிரவன் கையிலும் இல்லை, மணற்புழுவின் வாயிலும் இல்லை. குழுவில் யாராவது வாளி வாங்கினார்களா என்பதில் இருக்கிறது என்பது கருதுகோள்.

முதலில் தாகத்தின் இலக்கணம். ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கேலன் தண்ணீர் வேண்டும். வெயில் காலமானால் இரண்டு கேலன், அதாவது சுமார் 7.5 லிட்டர். பாதி மட்டும் குடித்தவர் பகடை உருட்டி 15 எடுக்க வேண்டும். தவறினால் ஒரு படி சோர்வு. பாதிக்கும் கீழே போனால் பகடைக்கே வேலையில்லை, சோர்வு நிச்சயம். ஆறாம் படியில் மரணம். பாதிக்கு மேல், முழு அளவுக்குக் கீழ் குடித்தவர் கதி என்ன? விதிநூல் மௌனம் சாதிக்கிறது. இந்த மௌனத்தை நம்பித்தான் பல பாத்திரங்கள் உயிர் பிழைத்திருக்கின்றன.

100 டிகிரி ஃபாரன்ஹீட்டை எட்டிய வெயிலுக்கும் ஒரு விதி உண்டு: மணிக்கொரு முறை பகடை உருட்ட வேண்டும். (வேலூர் வாசகர்கள் சிரிக்க வேண்டாம்.) ஆனால் குடிதண்ணீர் கைவசம் இல்லாதவருக்கு மட்டுமே இந்த விதி. தண்ணீர் இருந்தால் வெயிலே இல்லை என்று பொருள்.

இந்தக் கட்டத்தில்தான் பூசாரி வருகிறார். விளையாட்டில் கிளெரிக் எனப்படும் இவர் முதல் நிலையிலேயே நீர் படைக்கும் மந்திரத்தைப் போடலாம். ஒரு முறை போட்டால் 10 கேலன். அடிக்கும் வெயிலில் ஆளுக்கு இரண்டு கேலன் என்றால் சரியாக ஐந்து பேருக்கு வரும். பெரும்பாலான குழுக்களில் நான்கைந்து பேர்தான். கதையை நடத்தும் டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டி.எம்., மூன்று வாரம் முயன்று வரைந்த வறண்ட நிலப்படம் காலைக் காப்பி ஆறுவதற்குள் காலாவதியாகிவிடுகிறது. மிச்சமிருந்த பயங்களையும் மற்ற வகைப் பாத்திரங்கள் பார்த்துக்கொள்கின்றன. டிரூயிட் எனப்படும் இயற்கைப் பூசாரி படைக்கும் பத்துப் பழங்களில் ஒன்று தின்றால் ஒரு நாள் பசி தீரும். பாலையைத் தன் நிலமாகத் தேர்ந்த ரேஞ்சர் எனப்படும் வழிகாட்டி வீரர் உடன் வந்தால், மாயம் மந்திரம் குறுக்கிட்டாலொழிய, குழு வழி தவறாது.

ஆனால் மந்திரத்தின் மூலபாடத்தை ஊன்றிப் படித்தவர் சிலரே. நீர் தோன்றுவது திறந்த பாத்திரத்தில். பூசாரியின் தொடக்க மூட்டையில் போர்வை, பத்து மெழுகுவர்த்தி, சாம்பிராணி, தூபக்கால், உண்டியல், ஒரு நீர்த்தோற்பை எல்லாம் உண்டு. வாளி இல்லை. தோற்பை அரை கேலன்தான் கொள்ளும். ஐந்து பேரின் பைகளையும் சேர்த்தால் இரண்டரை. மீதி ஏழரை கேலன் போவது மணலுக்கு. (ஏழரை என்பது கணக்கில் வந்த எண், சனி பகவானுக்குத் தொடர்பில்லை.)

இவ்விடத்து மேசையில் எழும் தருக்கத்தைப் பழைய உரையாசிரியர் முறையில் தருவதே பொருத்தம். குழிந்த கேடயம் பாத்திரம் ஆகாதோ எனின், ஆகாது, என்னை? கேடயம் தடுத்தற்கு உரியதன்றிக் கொள்ளற்கு உரியதன்று. தலைக்கவசம் ஆமோ எனின், ஆம். ஆயின் அது கொள்வது நாலு மிடறே, அதுவும் வியர்வை நாறும். உண்டியல் ஆமோ எனின், அது மூடியது. காசு நுழையும் வாயில் கங்கை நுழையாது. வாளியின் விலையோ 5 செப்புக்காசு, கொள்ளளவு மூன்று கேலன். பீப்பாய் 40 கேலன் கொள்ளும், வெறும் பீப்பாயே 70 பவுண்டு கனம். அதைச் சுமக்க ஒட்டகம் வேண்டும். ஒட்டகம் வந்தால் ஒட்டகக்காரர் வருவார். ஒட்டகக்காரருக்கும் தாகம் எடுக்கும்.

இனி வரலாறு. டிரேசி, லாரா ஹிக்மன் தம்பதியர் எழுதிய ‘ஃபாரோ’ என்ற சாகசம் 1982இல், அன்று இவ்விளையாட்டின் பதிப்பாளராக இருந்த டி.எஸ்.ஆர். நிறுவனத்தின் வெளியீடாக வந்தது. அதில் வரும் அமுன்-ரே என்ற மன்னனின் ஆவி, தன் கல்லறையை யாராவது கொள்ளையடித்தால்தான் தனக்கு விடுதலை என்று பாலையில் அலைகிறது. வீட்டுக்காரரே திருடனைத் தேடி அலையும் இந்தக் கதைக்கு இணை எனக்குத் தெரிந்து இல்லை. இதையும் இதன் இரு தொடர்ச்சிகளையும் 1987இல் ஒரே நூலாக்கி ‘ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்’ என்ற விளையாட்டுக் கற்பனை உலகத்துக்குக் குடிபெயர்த்தார்கள். ஆக, ஊர் மாற்றி நடத்துவது பதிப்பாளரே காட்டிய வழி, தயங்க வேண்டியதில்லை. ஆனால் அன்றைய விதிப்படி பூசாரியின் நிலை ஒன்றுக்கு நான்கு கேலன் நீர். ஐந்தாம் நிலைப் பூசாரி ஒரே மூச்சில் 20 கேலன் இறக்குவார். பழைய சாகசத்தைப் புதிய பதிப்பில் நடத்துகிறவர் மன்னன் பெயரை மாற்றுமுன் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

1991இல் வந்த ‘டார்க் சன்’ என்ற விளையாட்டுக் களம் வேறு வழி போனது. அதன் உலகில் உலோகம் அரிது; மந்திரவாதி மந்திரம் போட்டால் சுற்றியுள்ள செடிகொடி கருகக்கூடும்; கடவுள்கள் இல்லை. பூசாரிகள் பஞ்சபூதங்களில் ஆகாயம் நீங்கலான நான்கை வணங்குகிறார்கள். அந்த நான்கில் நீரும் ஒன்று என்பதை மட்டும் சுட்டிவிட்டு மேலே செல்வோம்.

டி.எம்.களில் ஒரு சாரார் நீர் மந்திரத்தைத் தடைசெய்துவிடுகிறார்கள். இது கோழைத்தனம். பூசாரியாக ஆட வந்தவரிடம் பூசைமணியைப் பிடுங்குவது ஆட்டமாகாது. என் பரிந்துரை ஆறாவது வாய். கூடாரம் எரிந்து தனித்து நிற்கும் ஒரு கிழவியைச் சேருங்கள். அல்லது கட்டிப்போட்ட எதிரி ஒருவனைச் சேருங்கள். ஐந்தால் வகுபட்ட பத்து, ஆறால் வகுபடாது. இன்னொரு முறை மந்திரம் போடலாமே எனின், போடலாம். முதல் நிலைப் பூசாரிக்கு நாளுக்கு இரண்டு வாய்ப்பு மட்டுமே. இரண்டும் தண்ணீருக்குப் போனால் காயம் ஆற்ற ஒன்றும் மிஞ்சாது. இதுவரை கழித்தல் கணக்காக இருந்த தாகம், எதிரிக்கும் பங்கு உண்டா என்ற வழக்காக மாறும். அந்த வழக்கு இரவு பதினொன்று வரை ஓடும். மணற்புழுவை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைக்கலாம்.

ஆகவே பாலைவனம் நடத்தப்போகும் டி.எம்.களுக்கு ஒரு வேண்டுகோள். வாளியின் விலையை ஏற்றாதீர்கள். 5 செப்புக்காசு நியாயமான விலை. பாலை விளிம்பிலுள்ள கடைசி ஊர்க் கடையில் ஒரே ஒரு வாளியை மட்டும் இருப்பு வையுங்கள்.