பொருள்: பணியேற்பு – வரவேற்பு கோருதல் – தொடர்பாக

அனுப்புநர்: இளநிலை உதவியாளர் (தகுதிகாண் பருவத்தில் உள்ளவர், பெயர் போடும் துணிச்சல் பணிவரன்முறை ஆன பிறகு வரும்).

பெறுநர்: அலுவலகத் தலைவர் அவர்கள் (துறையும் ஊரும் எழுதினால் என் பணிப்பதிவேட்டின் முதல் பதிவே 17(பி) குற்றச்சாட்டு ஆகிவிடும் என்பதால் விடப்பட்டுள்ளன).

பார்வை: 1. எனது பணி நியமன ஆணை. 2. சென்ற மாதக் கடைசியில் நடந்த பணி நிறைவுப் பாராட்டு விழா.

மதிப்பிற்குரிய ஐயா,

பார்வை 1இல் கண்ட ஆணைப்படி தங்கள் அலுவலகத்தில் முற்பகலில் பணியேற்றேன். முற்பகல் என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பிற்பகலில் சேர்ந்தால் அன்றைய சம்பளம் போச்சு என்று ஊரில் எல்லாரும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதனால், பெருக்குகிற அம்மா வரும் முன்பே வாசலில் நின்றேன். தாங்கள் கேம்ப். கண்காணிப்பாளர் கலெக்டர் ஆபீஸ் மீட்டிங். என் பணியேற்பு அறிக்கையில் கையெழுத்து விழுந்தபோது விளக்கு போட்டாகிவிட்டது. ஆனாலும் 'முற்பகல்' என்றே இருக்கட்டும் என்றீர்கள். அந்தப் பெருந்தன்மைக்கு முதலில் நன்றி.

அதுவரை பீரோவுக்கும் ஜெராக்ஸ் மெஷினுக்கும் நடுவில் நின்றேன். போகிற வருகிறவர்கள் எல்லாரும் "உக்காருங்க தம்பி" என்றார்கள். எதில் என்று ஒருவரும் சொல்லவில்லை. கடைசியில் அலுவலக உதவியாளர் அண்ணன்தான் ரெக்கார்டு ரூமிலிருந்து கை ஒடிந்த நாற்காலி ஒன்றைத் தூசி தட்டிக் கொண்டுவந்து போட்டார். அவருக்கு ஏதாவது விருதுக்குப் பரிந்துரைக்க முடியுமானால் அதற்கும் இக்கடிதத்தையே விண்ணப்பமாகக் கொள்க.

ஐயா, நானாகவே வந்து நின்றவன் அல்லேன். 2024 குரூப் 4 தேர்வு அறிவிக்கையில் இருந்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் சுமார் 20 லட்சம் பேர். ஓர் இடத்துக்கு முந்நூறு பேருக்கு மேல். 200 கேள்விகள், 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். பாடத்திட்டத்தில் திருக்குறள் உண்டு. விருந்தோம்பல் அதிகாரத்தை நான் மனப்பாடமாக ஒப்பிப்பேன். அப்புறம் சான்றிதழ் சரிபார்ப்பு, கலந்தாய்வு, மருத்துவத் தகுதிச் சான்று, நன்னடத்தைச் சான்று. நியமன ஆணையை மேடை போட்டு, சிலருக்கு முதலமைச்சர் கையாலேயே கொடுக்கிறது அரசு. இத்தனை பாடுபட்டுத் தேடிப்பிடித்த ஆளுக்கு ஒரு நாற்காலி தேவைப்படும் என்பது மட்டும் யாருக்கும் முன்கூட்டித் தோன்றவில்லை.

ஒரு தபால் நம் அலுவலகத்துக்கு வந்தால் என்ன நடக்கிறது என்பதை இப்போது நன்கு அறிவேன், ஏனென்றால் என்னைத் தபால் சீட்டில்தான் போட்டிருக்கிறீர்கள். வந்த அன்றே பிரிக்கிறோம். தேதி முத்திரை குத்துகிறோம். எண் கொடுத்துப் பதிவேட்டில் ஏற்றி, உரிய சீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம். தெருவிளக்கு எரியவில்லை என்று இன்லேண்டு லெட்டரில் வரும் புகாருக்குக்கூட இந்த மரியாதை உண்டு. புதிதாக வரும் பணியாளரையும் ஒரு தபாலாகக் கருதி ஆணையிட்டாலே என் குறையில் பாதி தீரும்.

வரவேற்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது, படிவங்கள் இருந்தன. பணிப்பதிவேட்டின் முதல் பக்கத்துக்காக என் உடம்பில் இரண்டு மச்சங்கள் தேடப்பட்டன. இடது கை விரல்ரேகைகள் எடுக்கப்பட்டன. நான் இறந்துபோனால் குடும்பப் பாதுகாப்பு நிதியை யாரிடம் கொடுக்க வேண்டும் என்று அக்கறையோடு கேட்டார்கள். ஓய்வூதியத் திட்டத்தில் எண் வாங்கினால்தான் முதல் சம்பளமே போட முடியும் என்று விளக்கினார்கள். ஆக, சேர்ந்த அன்றே என் ஓய்வுக்கும் சாவுக்கும் ஏற்பாடு ஆகிவிட்டது. இடையில் கிடக்கிற வேலையைப் பற்றித்தான் யாரும் வாய் திறக்கவில்லை. மச்சம் எங்கே என்று கேட்டவர்கள் மதியம் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. பக்கத்து சீட்டு அக்கா மட்டும் தன் டப்பாவிலிருந்து பாதி எலுமிச்சை சாதத்தை எடுத்து வைத்தார்.

மறுநாள், புதிதாகச் சேர்ந்தவர் ஸ்வீட் வாங்கித் தருவதுதான் இந்த ஆபீஸ் வழக்கம் என்று தெரிவிக்கப்பட்டது. பிரிவுக்கு அரை கிலோ, காரம் தனி. வரவேற்கப்பட வேண்டியவனே தன் வரவேற்புச் செலவை ஏற்கும் இந்த முறையைக் கண்டுபிடித்தவர் நிதித்துறையில் இருந்திருக்க வேண்டும். அதே வாரம் பட்டியலோடு ஒருவர் வந்தார். மேனேஜர் சார் ரிட்டையர் ஆகிறார், தலைக்கு ஐந்நூறு. நான் இன்னும் முதல் சம்பளமே வாங்கவில்லை என்றேன். "பரவாயில்லை தம்பி, ஜிபேல போடுங்க" என்றார்.

அந்த விழாவைத்தான் பார்வை 2இல் குறித்துள்ளேன். நம் அலுவலகத்துக்கு மரியாதை செய்யத் தெரியாது என்று இனி யார் சொன்னாலும் நானே மறுப்பேன். பேனர், சந்தன மாலை, பொன்னாடைகள், மோதிரம், மதியம் மட்டன் பிரியாணி. சாரின் வீட்டார் முன்வரிசையில். பேச வந்த எல்லாரும் சார் இல்லாமல் இந்த ஆபீஸ் என்ன ஆகப்போகிறதோ என்று கலங்கினார்கள். அவர்களில் இருவர் சாரோடு பேசிப் பல வருடம் ஆகிறதாம். ஏற்புரையில் மேனேஜர் சார் தழுதழுத்தார்: "நீங்கள்லாம் இவ்வளவு நல்லவங்கன்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்." பிறகு காரில் ஏற்றி வீடு வரை போய் விட்டுவந்தோம்.

எனக்கு வயது 24. ஓய்வு வயது 60. நீங்கள் நல்லவர்கள் என்பது எனக்குத் தெரிய இன்னும் 36 ஆண்டுகள் ஆகும். அன்று தாங்களும் இருக்க மாட்டீர்கள், ஐயா.

பவானிசாகரில் நடக்கும் அடிப்படைப் பயிற்சிக்குப் போனால் எல்லாம் தெரிந்துவிடும் என்கிறார்கள். ஆணை எப்போது வரும் என்று கேட்டால் வரும் என்கிறார்கள். அதற்குள் தபாலோடு, காலியாகக் கிடந்த இன்னொரு சீட்டும் கூடுதல் பொறுப்பாக என்னிடம் வந்துவிட்டது, அதன் நிலுவைக் கோப்புகளோடும், அவற்றுக்கு வந்த நினைவூட்டுகளோடும். அந்த நினைவூட்டுகளில் சில, நான் பத்தாம் வகுப்பு படித்தபோது எழுதப்பட்டவை. தாமதத்துக்கு விளக்கம் இப்போது என்னிடம் கேட்கப்படுகிறது.

எனவே, பொன்னாடை வேண்டாம். மோதிரம் வேண்டாம். புதியவர் வரும் தேதி ஆணையில் முன்பே தெரிவதால், அதற்குள் மேசையும் இரண்டு கையும் உள்ள ஒரு நாற்காலியும் போட்டு வைக்கவும், முதல் நாள் யாராவது ஒருவர் பிரிவு பிரிவாக அழைத்துப்போய்ப் பெயர் சொல்லி அறிமுகம் செய்யவும், கோப்பு எழுத ஒரு வாரமாவது பக்கத்தில் உட்கார்த்திச் சொல்லித் தரவும், முதல் மாதச் சம்பளத்தை முதல் மாதத்திலேயே போடவும் ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இவற்றுக்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை. நிதித்துறையின் ஒப்புதலும் தேவையில்லை.

தங்கள் உண்மையுள்ள,
இளநிலை உதவியாளர்

நகல்: அடுத்த குரூப் 4க்குப் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு. சேரும் நாளன்று சாப்பிட்டுவிட்டு வரவும். பேனா கொண்டுவரவும். ஸ்வீட் அரை கிலோ போதாது.