ராணி வந்துவிட்டாள், என்ன செய்ய?

கேள்வி: நண்பர் இரண்டாவது நகர்த்தலிலேயே ராணியை எச்5 கட்டத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறார். ஜி6 சிப்பாயைத் தள்ளித் துரத்தினால் என் யானை போய்விடுகிறது. வழி உண்டா?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: உண்டு. துரத்தும் அவசரம்தான் யானையை விழுங்குகிறது. எச்5-ல் நிற்கும் ராணிக்கு இரண்டு கண். ஒன்று உங்கள் இ5 சிப்பாய் மேல். இன்னொன்று, ராஜாவைத் தவிர வேறு காவலே இல்லாத எஃப்7 மேல். ஜி6 தள்ளியதும் அவள் இ5 சிப்பாயை வெட்டிச் செக் வைப்பாள். அதே இடத்திலிருந்து மூலை யானைக்கும் குறி!

எனவே முதலில் குதிரையை சி6-க்கு எடுத்து இ5-ஐக் காப்பாற்றுங்கள். நண்பர் மந்திரியை சி4-க்குக் கொண்டுவருவார். அடுத்தது எஃப்7-ல் மேட். இப்போது தள்ளுங்கள் ஜி6. ராணி எஃப்3-க்கு ஓடி மறுபடி மிரட்டுவாள். இன்னொரு குதிரையை எஃப்6-ல் நிறுத்துங்கள், கதவு சாத்தியாயிற்று. உங்கள் குதிரைகள் இரண்டும் களத்தில். அவருடைய குதிரை நிற்க வேண்டிய நல்ல கட்டத்திலோ ராணி உட்கார்ந்திருக்கிறாள்.

நண்பரைச் சின்னப்பிள்ளை ஆட்டம் என்று கேலி செய்யாதீர்கள். 2005-ல் அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் நகமுரா இதே ராணி நகர்த்தலை நம் சென்னை சசிகிரணிடம் ஆடினார். சசிகிரண் பதறவில்லை, நீண்ட ஆட்டத்துக்குப் பின் ஜெயித்தார்.